4வது படிக்கிற பையனோட மியூனிக் போறோம், ஸ்கூல் விஷயத்துல ஒரே குழப்பம்

கோவை_பூங்குயில்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு தான் முதல்ல எழுதறேன், நீளமா போனா கோச்சுக்காதீங்க.

வீட்டுக்காரருக்கு மியூனிக்ல வேலை கெடச்சிருக்கு. ப்ளூ கார்டு (டிகிரி படிச்சவங்களுக்கு தர்ற வேலை விசா). பிப்ரவரி 2026ல சேரச் சொல்லியிருக்காங்க. நாங்க சரவணம்பட்டி. பையனுக்கு போன ஆகஸ்ட்ல 9 முடிஞ்சுது, இங்க சிபிஎஸ்இ 4வது படிக்கறான். பாப்பாவுக்கு 4 வயசு, எல்கேஜி. நான் ஒரு மில் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், அதை விட்டுட்டு தான் வரணும், அது தனி அழுகை, இப்ப வேண்டாம்.

பாப்பாவ பத்தி கவலை இல்லைங்க, அவ யாரைப் பாத்தாலும் ஒட்டிக்குவா. பையன் அப்படி இல்ல. இங்கயே டியூஷன் மாத்தினதுக்கு ஒரு மாசம் சோறு சரியா திங்கல. அவனுக்கு ஜெர்மன்ல ஒரு வார்த்தை தெரியாது. இன்டர்நேஷனல் ஸ்கூல் விசாரிச்சா வருஷத்துக்கு 20,000 யூரோவுக்கு மேல சொல்றாங்க, கம்பெனி ஒத்த பைசா தராது. அவரு "அங்க எல்லாரும் கவர்மென்ட் ஸ்கூல் தான், ஃப்ரீ, நல்லா இருக்கும், பாத்துக்கலாம்"னு ஒரே வரில முடிச்சிட்டாரு. மாமியார் "பையன என்கிட்ட விட்டுட்டு போங்க, நீங்க செட்டில் ஆனதுக்கப்புறம் கூட்டிக்கலாம்"ங்கறாங்க. எங்கம்மா போன்ல அழறாங்க, அவங்க எந்தக் கட்சின்னே தெரியல.

இதே வயசுல பசங்கள கூட்டிட்டு போனவங்க இருந்தா நடந்தத அப்படியே சொல்லுங்க. அப்புறம் கடைசியா ஒண்ணு, சிரிக்காதீங்க, கிரைண்டர் கொண்டு வரலாங்களா?

பவேரியா_பரோட்டா:

வாழ்த்துக்கள் சிஸ்டர். நான் மியூனிக் வந்து 8 வருஷம் ஆச்சு, ரெண்டு பசங்க, ரெண்டும் இங்க பொறந்ததுங்க, அதனால ஸ்கூல் மாத்தின அனுபவம் எனக்கு இல்ல. பேப்பர் வேலை, வீடு இதுல நிறைய அடி வாங்கியிருக்கேன், அதை சொல்றேன்.

முதல்ல பேரு. சிரிப்பா இருக்கும், ஆனா இங்க இது பெரிய விஷயம். உங்க பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல என்ன இருக்குன்னு இப்பவே பாருங்க. நம்மூர்ல இனிஷியலை விரிச்சு அப்பா பேரை போட்டிருப்பாங்க, அப்படின்னா உங்களுக்கு உங்கப்பா பேரு, உங்க வீட்டுக்காரருக்கு அவங்கப்பா பேரு, பசங்களுக்கு உங்க வீட்டுக்காரர் பேரு. ஒரு குடும்பத்துக்கு மூணு குடும்பப் பேரு! டாக்டர்கிட்ட போனா ரிசப்ஷன்ல உங்கப்பா பேரை சொல்லி உங்களை கூப்பிடுவாங்க, நீங்க திரும்பிக்கூட பாக்க மாட்டீங்க. என் மனைவி அப்படியே உக்காந்திருந்து ரெண்டு தடவை டர்ன் போயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் லெட்டர்பாக்ஸ்ல அந்த மூணு பேரையும் ஒட்டிடுங்க, பேரு இல்லைன்னா போஸ்ட்மேன் லெட்டரை போடாம திருப்பி அனுப்பிடுவாரு, டேக்ஸ் நம்பர்ல இருந்து பேங்க் கார்டு வரைக்கும் இந்த ஊர்ல எல்லாமே லெட்டர்ல தான் வரும்.

பர்த் சர்டிபிகேட்ல பசங்க பேரு ஏறியிருக்கான்னும் பாத்துக்கோங்க. நம்மூர்ல பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சிட்டு அந்த இடம் காலியாவே கெடக்கும். கேரண்டியா சொல்றேன், அதை அங்க இருக்கும்போது சரி பண்றது ஒரு வார வேலை, இங்க வந்து பண்ணா ஒரு வருஷம்.

வீடு பத்தி: இங்க மூணு ரூம்னா ஹாலும் அதுல ஒண்ணு, அதாவது நம்ம டூ பெட்ரூம். கிச்சனை எண்ண மாட்டாங்க. எண்ண மாட்டாங்கன்னு மட்டும் இல்ல, பல வீட்ல கிச்சனே இருக்காது, சுவர்ல ரெண்டு பைப் மட்டும் நீட்டிட்டு நிக்கும், காலி பண்ணி போனவங்க சிங்க் வரைக்கும் கழட்டிட்டு போயிருப்பாங்க. விளம்பரத்துல கிச்சன் உண்டான்னு கேட்டு எடுங்க. அட்வான்ஸ் மூணு மாச வாடகை வரைக்கும் கேப்பாங்க, அந்த வாடகைங்கறது ஹீட்டிங் எல்லாம் சேராத வாடகை. குடி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அதுக்கு வீட்டு ஓனர் ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடணும், அது இல்லாம எதுவும் நகராது.

பதிஞ்சு டேக்ஸ் நம்பர் வந்ததும் கிண்டர்கெல்டுக்கு (பிள்ளைங்களுக்காக கவர்மென்ட் மாசாமாசம் தர்ற பணம்) அப்ளை பண்ணிடுங்க. 2025ல பிள்ளைக்கு மாசம் 255 யூரோ, 2026 ஜனவரில இருந்து 259. லேட்டா போட்டா பழைய பாக்கி ஆறு மாசம் வரைக்கும் தான் தருவாங்க, நான் அதுல ஏமாந்தேன்.

தடுப்பூசி கார்டு முக்கியம். தட்டம்மைக்கு ரெண்டு டோஸ் போட்டதுக்கு சாட்சி இல்லாம கிண்டர்கார்டன்ல சேக்க மாட்டாங்க, 2020 மார்ச்ல இருந்து சட்டமே இருக்கு. ஸ்கூல்லயும் கேப்பாங்க. டாக்டர் கிறுக்கின நோட்டு போதாது, தேதியோட டைப் அடிச்சு சீல் வாங்கிட்டு வாங்க.

ஸ்கூல் பத்தி என் யோசனை, அவரு மட்டும் பிப்ரவரில வரட்டும், வீடு பாத்து வைக்கட்டும், நீங்க பசங்கள இங்க வருஷம் ஆரம்பிக்கிற செப்டம்பர்ல கூட்டிட்டு வாங்க. நடுவுல கொண்டு வந்து தள்ளாதீங்க.

ரெண்டு_வருஷ_பிளான்:

எத்தனை வருஷம் இருக்கப் போறீங்கன்னு சொல்லவே இல்லையே? ரெண்டு மூணு வருஷத்துல திரும்புற ஐடியான்னா கடன் வாங்கியாவது இன்டர்நேஷனல் போடுங்க. நாங்க ஃப்ராங்க்ஃபர்ட்ல லோக்கல் ஸ்கூல்ல போட்டோம், அவ ஜெர்மன் நல்லா புடிச்சுக்கிட்டா, மூணாவது வருஷம் சென்னை திரும்பினப்ப இங்கிலீஷும் போச்சு, தமிழும் எழுத வரல, 6வதுல அட்மிஷனுக்கு நாலு ஸ்கூல் ஏறி இறங்கினோம். கடைசில கத்துக்கிட்ட ஜெர்மனும் மறந்துடுச்சு. ஸ்கூலை விட பிளான் தான் முக்கியம்.

மல்லிப்பூ_நூர்ன்பெர்க்:

பூங்குயில், உங்க போஸ்ட்ட பாத்ததும் 2018ல நான் எழுதின மாதிரியே இருந்துச்சுப்பா. என் பையனும் வந்தப்ப 9 வயசு. மேல ஒரு அண்ணன் செப்டம்பர்ல வாங்கன்னு சொல்லியிருக்காரு, தப்பா நினைக்காதீங்க அண்ணா, பவேரியால (மியூனிக் இருக்கிற ஸ்டேட்) இந்த வயசுக்கு மட்டும் அது சரி வராது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

இங்க பிரைமரி ஸ்கூல் 4வதோட முடியுது (பெர்லின்ல 6வது வரைக்கும் இருக்கு, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற வேற). 4வது படிக்கும்போதே மே மாச ஆரம்பத்துல ஒரு சர்டிபிகேட் தருவாங்க, உபர்ட்ரிட்னு சொல்லுவாங்க. ஜெர்மன், கணக்கு, அப்புறம் நம்மூர் ஈவிஎஸ் மாதிரி ஒரு பாடம், இந்த மூணுத்தோட ஆவரேஜ். இங்க 1 தான் பெஸ்ட் மார்க், 6 மோசம். 2.33க்குள்ள வந்தா கிம்னாசியம் (நேரா யுனிவர்சிட்டிக்கு போற வழி), 2.66க்குள்ளன்னா ரியால்ஷூலே (நடுத்தரம்), அதுக்கு மேல போனா மிட்டல்ஷூலே (பெரும்பாலும் தொழில் பக்கம் போற ஸ்கூல்). பத்து வயசுல! வெளிநாட்டுல இருந்து வந்த பிள்ளைங்களுக்கு கொஞ்சம் தளர்வு உண்டு, அதை ஸ்கூல்ல கேட்டா சொல்லுவாங்க, ஆனா ஜெர்மனே தெரியாத குழந்தைக்கு அதுவும் எட்டாது.

இப்ப கணக்கு போட்டு பாருங்க. பிப்ரவரில வந்து 4வதுல சேந்தா அந்த சர்டிபிகேட்டுக்கு மூணு மாசம். செப்டம்பர்ல வந்தா வயசுப்படி 5வது, ஜெர்மன் தெரியாததால நேரா மிட்டல்ஷூலேல இருக்கிற டாய்ச்க்ளாஸுக்கு (ஜெர்மன் சொல்லித் தர்ற தனி க்ளாஸ்) தான் அனுப்புவாங்க. ரெண்டும் வேண்டாம். பிப்ரவரில வந்து 3வதுல போடச் சொல்லி கேளுங்க. கூச்சப்படாம கேளுங்க. அவன் ஆகஸ்ட் பிறந்தவன்ல, அது உங்க அதிர்ஷ்டம். இங்க ஜூலைல இருந்து செப்டம்பர்க்குள்ள பொறந்த பிள்ளைங்கள ஒரு வருஷம் தள்ளி 1வதுல சேக்க பெத்தவங்களுக்கே உரிமை இருக்கு, அதனால அவன் வயசுல 3வதுல நிறைய பசங்க இருப்பாங்க, தனியா தெரிய மாட்டான். முடிவு ஹெட்மாஸ்டர் கையில தான், ஆனா கேட்டா ஒத்துக்கிறவங்க நிறைய பேர். ஒத்துக்கிட்டா ஒண்ணேகால் வருஷம் கையில கிடைக்கும்.

நாங்க என்ன பண்ணோம் தெரியுமா. ஸ்கூல்ல அவங்களாவே "3வதுல போடலாமா"ன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் "நோ நோ, ஒரு வருஷம் வேஸ்ட் ஆகும், அவன் கணக்குல சூப்பர்"னு சண்டை போட்டு 4வதுல போட வச்சாரு. கணக்குல சூப்பர் தான். ஆனா இங்க கணக்கே கதை கதையா தான் இருக்கும், "அன்னா சந்தைக்கு போறா"ன்னு ஆரம்பிச்சு அரை பக்கம், அதை படிச்சு புரிஞ்சா தானே கணக்கு போடறது. மே மாசம் மிட்டல்ஷூலேன்னு வந்துச்சு. அந்த வெள்ளிக்கிழமை நான் சமைக்கவே இல்ல. அப்புறம் 5வது முடிக்கும்போது ஜெர்மன், கணக்குல மார்க் வந்துச்சு, ரியால்ஷூலேக்கு மாத்தினோம், ஆனா அங்க மறுபடி 5வதுலயே தான் உக்கார வச்சாங்க. ஆக நாங்க சண்டை போட்டு காப்பாத்தின அந்த ஒரு வருஷம் அங்க போயிடுச்சு, நடுவுல ஒரு வருஷ அழுகை தான் மிச்சம். இப்ப 10வதுல இருக்கான், முடிச்சிட்டு எஃப்ஓஎஸ் (நம்மூர் ப்ளஸ் டூ மாதிரி) போறேங்கறான், அது வழியாவும் காலேஜ் போலாம். கதவு எதுவும் மூடாது, சுத்தி போகணும் அவ்ளோ தான்.

பேசாம இருக்கிறத பத்தி: உங்க பையன் மாதிரி தான் என்னோடவனும். ஸ்கூல்ல கிட்டத்தட்ட அஞ்சு மாசம் வாயே திறக்கல. டீச்சரை கேட்டா "காதுல போயிட்டு இருக்கு, விடுங்க"ன்னாங்க. நான் நம்பல. தினமும் அவன் வந்ததும் "இன்னைக்கு யார்கிட்ட பேசின, என்ன பேசின"ன்னு போலீஸ் மாதிரி கேப்பேன், அவன் பாத்ரூம்ல போய் பூட்டிக்குவான். அந்த கேள்விய நிறுத்தினேன், அதுக்கப்புறம் தான் அவனா ஏதாவது சொல்ல ஆரம்பிச்சான். அவன் க்ளாஸ்ல சொன்ன முதல் முழு வாக்கியம் என்ன தெரியுமா, "தஸ் இஸ்ட் அன்ஃபேர்", அதாவது "இது நியாயமில்ல". ஃபுட்பால்ல எவனோ ஏமாத்திட்டானாம். சண்டை போட தான் பாஷை வந்துச்சு. அதனால ஏதாவது ஒரு கிளப்ல சேத்துடுங்க, ஃபுட்பாலோ ஜிம்னாஸ்டிக்ஸோ எதுவா இருந்தாலும் சரி, இங்க ஃபெரைன்னு தெருவுக்கு ஒண்ணு இருக்கும், காசும் பெருசா ஆகாது.

பாப்பாவுக்கு கிண்டர்கார்டன் இடம் தான் உங்களுக்கு உண்மையான தலைவலி. ஒரு வயசுல இருந்து இடம் கேக்க சட்டப்படி உரிமை இருக்கு, 2013ல இருந்து. சட்டத்துல இருக்கு, ஊர்ல இடம் இல்ல. மியூனிக் சிட்டிக்கு கிட்டா ஃபைண்டர்னு ஆன்லைன்ல பதியற இடம் இருக்கு, அட்ரஸ் கிடைச்ச அன்னைக்கே பதிஞ்சிடுங்க, அப்புறம் ஒவ்வொரு இடமா நேர்ல போய் சிரிச்சு பேசுங்க.

இன்னொண்ணு, பிரைமரி ஸ்கூல் பல நாள் பதினொண்ணரை, ஒரு மணிக்கே விட்டுடும்! மதிய பராமரிப்புக்கு தனியா பதியணும். எனக்கு யாரும் சொல்லல. முதல் நாள் 11:20க்கு பையன் வாசல்ல நிக்கறான், நான் ஏதோ தப்பு பண்ணி துரத்திட்டாங்கன்னு பயந்துட்டேன்.

கோவை_பூங்குயில்:

அக்கா, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. 3வதுல போடறது பத்தி அவருகிட்ட சொன்னேன், உங்க வீட்டுக்காரர் சொன்ன அதே டயலாக், "ஒரு வருஷம் வேஸ்ட்". போனை அவரு கையிலயே குடுத்து உங்க பதிலை படிக்க வச்சேன். படிச்சிட்டு ஒண்ணும் பேசல, குளிக்கப் போயிட்டாரு. அது பாதி சம்மதம்.

பிளான் கேட்டவருக்கு: அஞ்சு வருஷமாவது இருப்போம்ங்க, பர்மனென்ட் ரெசிடென்ஸ் வாங்கிட்டு தான் திரும்புறத பத்தியே யோசிப்பேன்னு அவரு சொல்றாரு.

மாமியார் சொன்னதுக்கு தான் யாரும் பதில் சொல்லல. அவங்க தப்பான எண்ணத்துல சொல்லலைங்க, பேரன் மேல உயிரு. ஒரு வருஷம் தானேன்னு எனக்கே சில நேரம் தோணுது.

சும்மா_ஒருத்தன்:

எதுக்குங்க இவ்ளோ கஷ்டம்? கோவைல சொந்த வீடு, ரெண்டு சம்பளம், மாமியார் சப்போர்ட். அங்க போய் நாப்பது பர்சென்ட் பிடிச்சுட்டு குடுப்பான், குளிருல பாத்திரம் கழுவணும். யோசிச்சு போங்க.

பவேரியா_பரோட்டா:

@சும்மா_ஒருத்தன் பாஸ், அவங்க போலாமா வேண்டாமான்னு கேக்கல. பாத்திரம் மெஷின்ல கழுவலாம். பிடித்தம் உண்மை தான், ஆனா அதுல ஹெல்த் இன்சூரன்ஸும் சேத்தி, பப்ளிக் இன்சூரன்ஸ்னா வேலைக்கு போகாத மனைவியும் பசங்களும் தனி காசு கட்டாம அதுக்குள்ள வந்துடுவாங்க.

@மல்லிப்பூ, செப்டம்பர் பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டு பசங்க இங்கயே படிக்கறாங்க, இந்த கணக்கு எனக்கு தோணவே இல்ல.

ரூர்_பக்கத்து_அக்கா:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், ஆனா வாழ்க்கை முழுக்க இஞ்ச தான். 1988இல வந்தனான், எனக்கும் அப்ப 9 வயசு. அந்த மாமியார் சொன்ன விஷயத்துக்கு நான் தான் பதில் எழுத வேணும் எண்டு நினைக்கிறன்.

நாங்கள் வேலைக்கு வரேல்ல, சண்டைக்கு ஓடி வந்த ஆக்கள், அதால உங்கட நிலைமையும் எங்கடையும் ஒண்டில்லை, தெரியும். அப்பா முதல்ல வந்தவர், பிறகு அம்மாவும் நானும். தம்பிக்கு அப்ப 4 வயசு. வழி கஷ்டம், சின்னப் பிள்ளை எண்டு அவனை அம்மம்மாவோட விட்டிட்டு வந்திட்டம், ஆறு மாசத்தில கூப்பிடலாம் எண்டு தான் கதை. மூண்டு வருஷம் ஆச்சுது. ஏர்போட்டில அம்மா ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்க, அவன் அம்மாவை "அன்ரி" எண்டு தான் கூப்பிட்டவன். அம்மா அதை இண்டைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல விடமாட்டா. உங்களுக்கு விசா, விமானம், வீடியோ கோல் எல்லாம் இருக்கு, அப்பிடி நடக்காது எண்டு நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனாலும் பிள்ளையளைப் பிரிக்காதேங்கோ, ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு மற்றவரை விட்டிட்டு வாறது இன்னும் கூடாது. "தங்கச்சிய மட்டும் கூட்டிக்கொண்டு போனவை" எண்டது பிள்ளையின்ர மனசில கிடக்கும்.

மற்றது, நீங்கள் டொச் (ஜெர்மன்) படிக்க வேணும். அவர் இல்லை, நீங்கள். நான் பத்து வயசிலயே வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகீட்டன். அலுவலகக் கடிதம் எல்லாம் நான் தான் வாசிச்சுச் சொல்லுறது. அம்மாக்கு கர்ப்பப்பையில பிரச்சினை வந்து டொக்டரிட்ட போனா, நடுவில இருந்து கதைச்சது நான். அந்தச் சொல்லுகள் எனக்குத் தமிழிலயும் தெரியாது, டொச்சிலயும் தெரியாது. பள்ளிக்கூடத்தில வாத்தியார் என்னைப் பற்றிக் குறை சொன்னா அதையும் நானே தான் அம்மாக்குச் சொல்ல வேணும், நான் என்ன லூசே, உள்ளபடி சொல்ல? மகன் கெதியாப் பிடிச்சிடுவான், அப்ப "நீயே கேட்டுச் சொல்லு தம்பி" எண்டு விட வேணும் போல இருக்கும். விடாதேங்கோ. ப்ளூ கார்ட் ஆக்களின்ர மனைவிக்கு வரேக்க டொச் சோதனை கேக்கிறேல்ல, அது வசதி தான், ஆனா அதாலயே கன பேர் படிக்காமல் இருந்திடுகினம். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல எண்டு பெரிய ஆக்கள் படிக்கிற இடம் ஊருக்கு ஊர் இருக்கு, அங்க போய்ச் சேருங்கோ. இன்டெக்ரேஷன் கோர்ஸில (புதுசா வாற வெளிநாட்டு ஆக்களுக்கான வகுப்பு) மொழிக்கு மட்டும் 600 மணித்தியாலம். கணக்கு வேலை செய்த உங்களுக்கு மொழி வந்தா இஞ்சயும் அதே வேலை எடுக்கலாம், வேலை செய்ய உங்களுக்குத் தனி அனுமதியும் தேவையில்லை.

எனக்கும் நாலாம் வகுப்பில ஹௌப்ட்ஷூல (மிட்டல்ஷூல மாதிரி) எண்டு தான் எழுதித் தந்தவை. பிறகு மாறி மாறிப் படிச்சு ஆபிட்டூர் (பல்கலைக்கழகம் போறதுக்கான சோதனை) எடுத்தனான். நூர்ன்பெர்க் தங்கச்சி சொன்னது சரி.

தமிழ் விட்டுப்போகும் எண்டு பயப்பிடாதேங்கோ, வீட்டில நீங்கள் மாறாட்டி அது போகாது. பிள்ளை டொச்சில கேக்கும், நீங்கள் தமிழில பதில் சொல்லுங்கோ. சனிக்கிழமையில எங்கட ஆக்கள் நடத்திற தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் கன நகரத்தில இருக்கு, மியூனிக்கிலயும் விசாரிச்சுப் பாருங்கோ, இந்தியப் பிள்ளையளும் வருகினம், எங்கட கதையைக் கேட்டு முதல்ல சிரிப்பினம், பிறகு அவையும் "ஓம்" எண்டுவினம். எங்கட பக்கம் வந்தா ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வாங்கோ, 2002இல கட்டி முடிச்சது, தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும்.

கோவை_பூங்குயில்:

அக்கா, இதை ஆபீஸ்ல உக்காந்து படிச்சிட்டு இருந்தேன், எந்திரிச்சு ரெஸ்ட்ரூம் போயிட்டேன்.

நாலு பேரும் ஒண்ணாவே போறோம்ங்க, முடிவு பண்ணியாச்சு. மாமியார்கிட்ட நேத்து ராத்திரி உங்க தம்பி கதைய சொன்னேன், பேரு ஊரு எதுவும் சொல்லல. கேட்டுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாங்க, அப்புறம் "தீபாவளிக்காவது வருவீங்கல்ல?"ன்னாங்க. வருவோம்னு சொல்லிட்டேன்.

மல்லிப்பூ_நூர்ன்பெர்க்:

ஐயோ, அதை மட்டும் வாக்கு குடுக்காதீங்கப்பா! ஸ்கூல் நடக்கற நாள்ல லீவு போட்டு ஊருக்கு போக முடியாது இங்க, ஃபைன் போடுவாங்க. லீவு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் ஏர்போர்ட்ல போலீஸ் ஸ்கூல் பசங்கள பாத்து விசாரிச்சதா பவேரியாவுல நியூஸே வந்திருக்கு. இலையுதிர் கால லீவு ஒரு வாரம், தீபாவளி அதுல வந்தா உண்டு, பல வருஷம் வராது. ஆகஸ்ட்ல தான் போகணும், டிக்கெட் யானை விலை, ஆனா ஆறு வாரம் முழுசா இருக்கலாம். பையன் பொறந்தநாள் ஆகஸ்ட் தானே, அதை சொல்லி மாமியார சமாதானம் பண்ணுங்க.

பவேரியா_பரோட்டா:

கிரைண்டருக்கு யாருமே பதில் சொல்லலையே. கோவைக்காரங்க கேட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா, தாராளமா கொண்டு வாங்க. கரண்ட் 230 வோல்ட், நம்மூர் மாதிரியே தான், பிளக்குக்கு மட்டும் நல்ல கனமான அடாப்டர் வேணும், ஏர்போர்ட்ல விக்கிற பொம்மை அடாப்டர் வேண்டாம், என்னோடது உருகிடுச்சு. டேபிள் டாப் 2 லிட்டர் போதும். கல்லை துணில சுத்தி கேபின் பேக்ல வச்சிடாதீங்க, செக்யூரிட்டில தனியா கூப்பிட்டு "இது என்ன"ன்னு கேப்பாங்க, நான் நின்னு தோசை சுடற வரைக்கும் விளக்கியிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை மட்டும் போடாதீங்க. கடைங்க பூட்டியிருக்கும், ஊரே சத்தம் போடாது. நாங்க ரெண்டாவது வாரமே ஞாயிறு காலைல மாவாட்டினோம், அரை மணி நேரத்துல கீழ் வீட்டு பாட்டி அழகான கையெழுத்துல ஒரு லெட்டர் எழுதி கதவுல ஒட்டிட்டு போயிட்டாங்க. ட்ரான்ஸ்லேட் பண்ணி பாத்தா, "உங்க வீட்ல எதையோ துளை போடறீங்க, திங்கட்கிழமை போட முடியுமா"ன்னு இருந்துச்சு. இப்ப சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கே ஆட்டி வச்சிடறோம், பாட்டிக்கு ரெண்டு ஊத்தப்பம் போகும்.

கோவை_பூங்குயில்:

சரிங்ண்ணா, சனிக்கிழமை அஞ்சு மணி. எழுதி வச்சுக்கிட்டேன். பர்த் சர்டிபிகேட்ட இன்னைக்கு தான் எடுத்துப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே பாப்பா பேரு காலியா தான் இருக்கு. நாளைக்கு லீவு போட்டுட்டு கார்ப்பரேஷன் ஆபீஸ் போறேன்.